சகனிலிருந்து எழுந்து போனவர்

என் அண்ணன் சேக் அலாவுதீனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "பிரசிடெண்டு பெரிய மூளைக்காரருங்க. கொழும்புக்காரனையே மடக்கினவரு." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மூளை இருந்தது, இல்லையென்று நான் சொல்லவில்லை. அந்த மூளையை வைத்துக்கொண்டு மனுஷன் கடைசியில் எப்படித் தனியாகக் கிடந்தார் என்பதை மட்டும் அந்தப் பாட்டில் ஒருத்தரும் சேர்ப்பதில்லை. அதனால் நான் சொல்கிறேன். நான் அவருடைய கூடப்பிறந்த தங்கை, நூர்நிஷா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அண்ணி சாரா உம்மாளும் பிள்ளைகுட்டி இல்லாமலே மவுத்தாகிப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரசிடெண்ட் என்றதும் டெல்லியில் உட்கார்ந்திருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மீமிசல் கரையில் கருவாட்டு வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்த சங்கத்துக்குப் பிரசிடெண்ட். பக்கத்தில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததே, 1948, அந்த வருஷம்தான் எங்கள் சங்கமும் பிறந்தது. அங்கே ராஜா இறங்கினார், இங்கே ராஜா ஏறினார் என்று அண்ணனின் சிநேகிதர் முகமது இப்ராஹிம் கேலி பேசுவார். அதுவரைக்கும் கொழும்பு மொத்த வியாபாரிகளின் ஆள் வந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவான். "அடுத்த வீட்டுக்காரர் கம்மி விலைக்குக் கொடுத்துவிட்டாரே" என்று இவரிடம் சொல்வான். அதையே அவரிடமும் போய்ச் சொல்வான். இரண்டு பேரும் பயந்துபோய்க் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டார்கள். இனிமேல் கரை முழுவதற்கும் ஒரே வாய்தான் பேசும் என்று முடிவு பண்ணினார்கள். அந்த வாய் என் அண்ணனுடையது.

ஒரு வாய் பேசவேண்டுமென்றால் நாலு பேரிடம் யோசனை கேட்கவேண்டும் அல்லவா? அண்ணன் மூன்று பேரிடம் கேட்பார். ஒருவர் ஆத்மநாதன். சுங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர், கொழும்புச் சட்டதிட்டமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பயந்த சுபாவம். எதைக் கேட்டாலும் "விட்டுக்கொடுத்துப் போயிரலாங்க, பொல்லாப்பு எதுக்கு" என்பார். இன்னொருவர் ஹாஜா முகைதீன். வயதில் சின்னவர், பெரிய பெரிய வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். சீலாவும் சுறாவும் திருக்கையும் விலை போனால் போதும், மற்றதெல்லாம் கடலில் கொட்டினாலும் அவருக்குக் கவலையில்லை. மூன்றாவது ஆள் இப்ராஹிம். சிறு வள்ளக்காரர்களின் ஆள். மூக்கு நுனியில் கோபம். அண்ணனும் அவரும் ஓதப் போன காலத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள், வாடா போடாதான். எனக்கு இன்னொரு அண்ணன் மாதிரி.

அண்ணன் இந்த மூவரையும் வைத்து வேலை வாங்கிய விதம் இருக்கிறதே, அது தனி. மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்து யோசனை கேட்கவே மாட்டார். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு இப்ராஹிமோடு கடற்கரையில் நடப்பார். மத்தியானம் சங்க ஆபீசில் ஆத்மநாதனோடு உட்கார்வார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஹாஜா முகைதீனை வீட்டுக்கு வரவழைத்துத் தேத்தண்ணி கொடுப்பார். மூவரிடமும் ஒரே கேள்வி: "எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது?" மூவருக்கும் ஒரே பதில்: "பாப்போம்." அவ்வளவுதான். ஒவ்வொருத்தரும் பிரசிடெண்ட் தன் யோசனையைத்தான் கேட்கப்போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். இவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

"ஏன் காக்கா, கூடப்பிறந்தவ எங்கிட்டயாச்சும் சொல்லக்கூடாதா?" என்று நானே கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒனக்குத் தெரிஞ்சா ஒன் மொகத்துல தெரியும். மொகத்துல தெரிஞ்சா விலையில தெரியும் நூரு" என்றார். இந்த மனுஷனுக்கு வியாபாரத்தைத் தவிர வேறு நினைப்பே கிடையாதா என்று எரிச்சலாக இருக்கும்.

ஆனாலும் ஒரே ஒரு விஷயத்தில் அண்ணனும் இப்ராஹிமும் கூட்டுக் களவாணிகள். அது 1950-இல் தற்செயலாக ஆரம்பித்தது. கொழும்பிலிருந்து வருகிற ஆளுக்கு எங்கள் வீட்டில்தான் விருந்து. எங்கள் ஆட்கள் சகனில் சாப்பிடுவார்கள். பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் குவித்து, மூன்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டு உண்பது. அப்படிச் சாப்பிடும்போது யாராவது மனம் கசந்து பாதியில் எழுந்து போனால் வீட்டுக்காரன் அடுத்த கவளத்தைத் தொடக்கூடாது. தானே போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். எங்கள் வீட்டில் அது கண்டிப்பான வழக்கம். அந்த வருஷம் விலைப் பேச்சில் கோபம் வந்து இப்ராஹிம் நிஜமாகவே எழுந்து போய்விட்டார். அண்ணன் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். பார்த்துக்கொண்டிருந்த கொழும்பு ஆள் வெலவெலத்துப்போய் விலையை ஏற்றிவிட்டான்.

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் ருசி கண்டுவிட்டது. அதற்கப்புறம் பேச்சு இழுபறியானால் அண்ணன் உள்பக்கம் திரும்பி, "நூரு, இன்னும் கொஞ்சம் ஆணம் அனுப்பு" என்பார். குழம்பைத்தான் நாங்கள் ஆணம் என்போம். அதுதான் சைகை. இப்ராஹிம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தச் சோறு எனக்கு எறங்காதுடா" என்று கிளம்பிவிடுவார். அண்ணன் பின்னாலேயே போவார். இப்ராஹிம் வீட்டு வாசலில் நின்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பீடி பிடித்து, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரும்புவார்கள். கதவுத் திரைக்குப் பின்னால் நிற்கிற எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணிக்கவேண்டி வரும். அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது!

1957-இல் வினை வந்தது.

கொழும்பில் இறக்குமதி லைசென்ஸில் கெடுபிடி கூடிப்போயிற்று என்று ஆத்மநாதன் பேப்பரைப் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கொழும்பு வியாபாரிகளும் எங்களைப் போலவே ஒன்றாகச் சேர்ந்து, எல்லோருக்குமாக ஒரே ஆளை அனுப்புவதாகக் கடிதம் போட்டார்கள். திருமயம் பக்கத்துச் செட்டியார், பெயர் குமரப்பன். கொழும்பிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் வருவதற்கு முன்னாலேயே கரையில் ஒரு பேச்சு ஓடிவிட்டது: இந்தத் தடவை பெரிய மீனை மட்டும்தான் எடுப்பார்கள், காரல், சூடை போன்ற பொடி மீனை எடுக்கமாட்டார்கள்.

பொடி மீன் யாருடையது? சிறு வள்ளக்காரர்களுடையது. அதைக் காயவைப்பது முழுக்கப் பெண்டுகள். அவர்களில் அழகம்மாள் என்று ஒருத்தி எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். புருஷன் கடலோடு போனவன், திரும்பவில்லை. காரல் காயவைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"தாயி, பொடிய எடுத்துக்குவாங்களா மாட்டாங்களா? பிரசிடெண்டு என்ன நெனைக்கிறாங்க? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

"அவரு நெனைக்கிறது அவரு சட்டைக்கே தெரியாது. எங்கிட்டக் கேக்குற" என்றேன்.

"இப்ராகிம் அண்ணன் சொல்லுச்சு, நான் இருக்கேன், பயப்படாதீங்கன்னு. எல்லாப் பொம்பளைங்க கிட்டயும் சொல்லியிருக்கு."

இப்ராஹிம் அப்படித்தான். யோசிக்கிறதற்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிடுவார். விருந்தன்று விடியற்காலையிலும் கடற்கரையில் அண்ணனை நிறுத்திக் கேட்டாராம், "டேய் அலாவு, பொடிய விட்டுர மாட்டியே?" என்று. அண்ணன் என்ன சொன்னார்? "பாப்போம்." கையில் கிடைத்தால் ஓங்கி ஒரு குத்து விடலாம் போல இருக்கிறதா இல்லையா?

அண்ணன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அதை எனக்குப் பிற்பாடுதான் சொன்னார். முதலில் பொடி மீனை விட்டுக்கொடுப்பது போல ஒரு பேச்சுக்குச் சொல்வது. செட்டியார் குளிர்ந்துபோய் லாரிச் செலவு, முன்பணம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு ஆணம் கேட்பது. இப்ராஹிம் எழுந்து போவார். அந்த அதிர்ச்சியில் பொடி மீனையும் உள்ளே தள்ளிவிடுவது. நல்ல கணக்குதான். ஒருத்தரிடமும் சொல்லவில்லை, அதுதான் கோளாறு.

குமரப்பன் செட்டியாருக்கும் ஆத்மநாதனுக்கும் தனியாக வாழையிலை போட்டோம். பக்கத்திலேயே சகனைச் சுற்றி அண்ணன், இப்ராஹிம், ஹாஜா முகைதீன். சங்கத்துப் பியூன் மலையாண்டி பரிமாறினான். நான் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"பெரிய மீன் பூராத்தையும் எடுத்துக்கிறோம். வெலையும் கொறைக்கல" என்றார் செட்டியார். "பொடி மட்டும் வேண்டாம். லைசென்சு கொஞ்சமாத்தான் குடுக்குறாக. அந்த எடத்துல பொடிய ஏத்தினா எங்களுக்குக் கட்டுபடியாகாது."

அண்ணன் ஒரு கவளம் உருட்டினார். நிதானமாக, "சரிங்க. பொடிய விட்டுருவோம். மத்ததைப் பேசுவோம்" என்றார்.

இப்ராஹிமின் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை அவர் கோபப்படுகிற மாதிரி நடித்துப் பார்த்திருக்கிறேன். புருவத்தை ஏற்றுவார், மூக்கை விடைப்பார், கூத்து மாதிரி இருக்கும். இந்தத் தடவை முகத்தில் ஒன்றுமே இல்லை. வெளுத்துப்போயிருந்தது.

"என்னடா சொன்னே?" என்றார் மெதுவாக.

"சாப்புடு. பேசிக்கலாம்."

இப்ராஹிம் எழுந்தார். துண்டை உதறவில்லை. இந்தச் சோறு இறங்காது என்கிற வசனமும் இல்லை. கைகூடக் கழுவாமல், விரலில் சோற்றோடு வெளியே போய்விட்டார்.

அண்ணன் ஆணம் கேட்கவே இல்லை. அதனால் இது நிஜம் என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் பாதி எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் செட்டியார் பதறிப்போனார்.

"என்னங்க இது, சோத்துல கைய வச்ச மனுசன் எந்திரிச்சுப் போறாரு! பொடியில அவுகளுக்கு அம்புட்டு இருக்கா? வேணும்னா கொஞ்சம் பேசிப் பாப்போம்ங்க, இப்புடி வேண்டாம்."

அண்ணன் எழுந்த மாதிரியே மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

ஏன் உட்கார்ந்தார் என்கிறீர்கள்? அவர் வெளியே போனால் செட்டியாரோடு யார் இருப்பார்கள்? ஆத்மநாதனும் ஹாஜா முகைதீனும். ஆத்மநாதன், "அதெல்லாம் பாதகமில்லைங்க, பொடி வேண்டாம்னா விட்டுரலாம்" என்று நாலு வார்த்தையில் கவிழ்த்துவிடுவார். ஹாஜா முகைதீன் அதற்கு ஆமாம் போடுவார். பிரசிடெண்டின் மனதில் இருப்பது அவர்களுக்கும் தெரியாதே! அவரவர் மனதில் இருந்ததைத்தானே பேசுவார்கள்? மூவரையும் தனித்தனியே வைத்து வேலை வாங்கினார் அல்லவா, அந்தக் கெட்டிக்காரத்தனம் அவரை அந்தப் பாயிலேயே ஆணி அடித்து உட்காரவைத்துவிட்டது. இரும்பு சூடாக இருக்கும்போது விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

"ஹாஜா, நீ போய்க் கூட்டிட்டு வா" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்து வாயில் வைத்தார்.

நான் திரைக்குப் பின்னால் "யா அல்லா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஹாஜா முகைதீன் போனார். போனவர் என்ன பண்ணினார் தெரியுமா? அவருக்கு அந்த ஆணம் விளையாட்டு அரசல் புரசலாகத் தெரியும். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக இப்ராஹிமின் வீட்டு வாசலில் நின்று, "காக்கா, இன்னிக்கு நடிப்பு பிரமாதம்! செட்டியாரு ஆடிப்போயிட்டாரு. வாங்க வாங்க, சோறு ஆறுது" என்றாராம். இப்ராஹிமின் மனைவி சம்சுன் நிஹார் என்னிடம் சொன்னாள். இப்ராஹிம் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாராம்.

இங்கே செட்டியார் இறங்கிவந்தார். பொடி மீனும் எடுப்பதாகக் கையடித்தார், லாரிச் செலவும் ஒத்துக்கொண்டார். தூத்துக்குடிக்குப் போய்த் தோணியேறுகிற சரக்கில் அழகம்மாள் காயவைத்த காரலும் போகும். கரை முழுக்கப் பிழைத்தது. அன்று மாலைக்குள் ஊரே அண்ணனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. ஆடட்டும். எனக்கு அடுப்பங்கரையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எந்திரிங்க காக்கா. இப்பவே போங்க. நானும் வாரேன்" என்றேன்.

"நாளைக்குக் காலையில கடற்கரையில பாத்துச் சொல்லிக்கிறேனே. சந்தோசப்படுவான்."

"சந்தோசப்படுவாரா! நீங்க பிரசிடெண்டா இல்ல கல்லா? எந்திரிங்க."

போனோம். அண்ணன் முன்கட்டில் உட்கார்ந்தார், நான் உள்ளே சம்சுன் நிஹாரோடு நின்றேன். பேசியதெல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

"பொடியும் சேத்து எடுத்துக்கிறாங்கடா. ஒன் ஆளுங்களுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் அண்ணன்.

"கேள்விப்பட்டேன். நல்லாயிரு."

"நான் நெசமா விட்டுக்கொடுக்கலடா. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எத்தன வருசம் சேந்து பண்ணியிருக்கோம், ஒனக்குப் புரியும்னு நெனச்சேன்."

"காலையில கேட்டேனே. அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்டா. அந்தக் கோவம் வந்திருக்குமா? செட்டியாரு பயந்ததே ஒன் மூஞ்சியப் பாத்துத்தானே?"

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. உள்ளே நின்ற எனக்கே சுருக்கென்றது.

"அப்ப மீனோட மீனா என் கோவத்தையும் எடை போட்டு வித்துட்ட" என்றார் இப்ராஹிம்.

"டேய், அப்படி இல்லடா. நான் யாருக்குமே சொல்லலடா. அல்லா சத்தியமா ஹாஜாவுக்கும் தெரியாது, ஆத்மநாதனுக்கும் தெரியாது."

"அவங்களுக்குச் சொல்லல, சரி. நானும் அவங்களும் ஒன்னா ஒனக்கு?"

இப்ராஹிமே மேலே பேசினார்.

"நான் எந்திரிச்சுப் போனப்ப நீ வருவேன்னு வாசல்லயே நின்னேன்டா. கையில சோறு காயுது, நின்னேன். அவன் வாரான், நடிப்பு நல்லாருக்குங்கிறான்."

நான் பொறுக்கமாட்டாமல் உள்ளேயிருந்து கத்தினேன். "ரெண்டு பேரும் அறிவு கெட்டவங்களா இருக்கீங்களே! கட்டிப் பிடிச்சுட்டு எந்திரிங்களேன்!" யாரும் எழுந்திருக்கவில்லை. ஆம்பிளைகள் இருக்கிறார்களே, அழவும் வராது, விடவும் வராது.

அதோடு சரி. இப்ராஹிம் சங்கத்துப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். சண்டை போட்டாரா என்றால் இல்லை. பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து வட்டிலாப்பம் போகும், நோன்பு மாசத்தில் அவர் வீட்டிலிருந்து கஞ்சி வரும். பள்ளிவாசலில் அண்ணன் ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்வார். பதில் சொல்வது கடமை, அதனால் சொல்வார். அதற்கு மேல் ஒரு எழுத்துக் கிடையாது. அண்ணன் நின்று நின்று பார்த்துவிட்டு வருவார். எனக்கு இப்ராஹிம் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வரும். இவ்வளவு அழுத்தமா ஒரு மனுஷனுக்கு!

வெளியே அண்ணனுக்கு மதிப்புக் கூடிக்கொண்டே போனது. பிரசிடெண்ட் சொன்னால் சரி என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆத்மநாதன் மகன் வீட்டோடு தஞ்சாவூருக்குப் போய்விட்டார். ஹாஜா முகைதீன் எதைக் கேட்டாலும், "நீங்க பாக்காததா காக்கா" என்பார். யோசனை கேட்டால் யோசனை சொல்வதற்கு ஆள் இல்லை, ஆமாம் சொல்வதற்குத்தான் ஆள் இருந்தது.

சுபுஹு தொழுதுவிட்டு அவர் தனியாகத்தான் நடந்தார். வீட்டில் கணக்குப் பார்க்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தானாகப் பேச ஆரம்பித்தார். முதல் தடவை கேட்டபோது யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனேன். உள்ளே அவர் மட்டும். ஒரு பக்கம் தன் குரலில் ஒரு யோசனை சொல்வார். பிறகு குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "போடா மடையா, ஒனக்கு அறிவிருக்கா? சின்ன வள்ளக்காரன் என்ன பண்ணுவான்?" என்பார். அச்சு அசலாக இப்ராஹிமின் குரல். நான் தேத்தண்ணியோடு அப்படியே திரும்பி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அவரிடம் கேட்கவில்லை. எதைக் கேட்பது?

"இப்ராகிம் காக்கா வீட்டுக்குப் போங்களேன். நீங்களா போய்ப் பேசினா என்ன கொறஞ்சுரும்?" என்று மட்டும் வருஷா வருஷம் சொல்வேன். "பாப்போம்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

1964-இல் கொழும்பிலிருந்து கடைசி அடி விழுந்தது. குமரப்பன் செட்டியாரே நேரில் வந்து வருத்தப்பட்டுச் சொன்னார்: இந்த சீசனோடு சரி, அடுத்த வருஷத்துக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்கிற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கரைக் கருவாடெல்லாம் கொழும்பை நம்பித்தானே காய்ந்தது! அண்ணன் எழுந்து நின்று, "என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்று கேட்டாராம். "நீங்க என்ன சொன்னாலும் சரி பிரசிடெண்டு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரு பயலாவது நான் சொல்றது தப்புன்னு சொன்னானா நூரு? எனக்கு ஒன்னுமே தோணல. நான் என்ன சொல்லப்போறேன்னு எனக்கே தெரியல. அதுக்கும் சரிங்கிறான்."

"அப்ப போங்க" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, அத்தர் தடவிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்பினார். நானும் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். நான் ஒரு கோழியை அறுக்கச் சொல்லி ஆக்கிவைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். பைத்தியக்காரி!

தனியாகத்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"பாத்தீங்களா? பேசினாரா?"

"பேசினான். நல்ல யோசனை சொன்னான். கொழும்புக்காரன் வாங்கினது தேயிலைத் தோட்டத்து ஆளுங்களுக்குத்தானே, தோட்டம் இங்கிட்டும் இருக்குல்ல, மூணாறு, வால்பாறைன்னு. அங்கிட்டுப் போய்க் கங்காணிகளைப் பாருங்கன்னான். பொடி மீனைத் திண்டுக்கல் சந்தைக்கு அனுப்பலாம்னான். எல்லாம் முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கான் நூரு. கேட்டவுடனே கடகடன்னு சொன்னான்."

"அல்ஹம்துலில்லா" என்றேன். "அப்புறம்? திட்டினாரா? நல்லாத் திட்டியிருப்பாரே!"

"இல்ல."

"ஒன்னுமே சொல்லலையா? ஏழு வருசம் கழிச்சு வாரியேடா மடையான்னுகூடவா சொல்லல?"

"இல்ல நூரு. உக்காருங்கன்னான். சம்சுன் நிஹாரைக் கூப்பிட்டு, பிரசிடெண்டுக்குக் காப்பி போடுன்னான். நான் தேத்தண்ணிதான் குடிப்பேன்னு அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. அப்படியா, சரின்னான்."

அண்ணன் தரையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார்.

"பேசி முடிச்சதும் எந்திரிச்சேன். அவனும் எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்தான். ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த திட்டிட மாட்டானான்னு நின்னு நின்னு நடந்தேன். எறங்கப் போறப்ப கையப் பிடிச்சான். பிடிச்சதும் எனக்கு உசுரே வந்துச்சு நூரு."

"என்ன சொன்னாரு?"

"'பாத்துப் போங்க பிரசிடெண்டு, இங்க ஒரு படி இருக்கு'ன்னான்."

அந்த வீட்டுப் படியா! இரண்டு பேரும் ஓதப் போன காலத்திலிருந்து விழுந்து எழுந்த படி அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் என் அண்ணன் அதில் இறங்குவார். என் வாயில் இப்ராஹிமைப் பற்றி ஆயிரம் வசவு வந்து நின்றது. அண்ணன் எழுந்து, சாப்பாடு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அறைக்குள் போனார். அன்றைக்கு அறைக்குள்ளிருந்து இப்ராஹிமின் குரல் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.